கிட்டார் பாடிக்குப் புதுப் பெயிண்ட்: எந்த சீலர் மேல் எது நிற்கும்?

முதன்முதலில் நான் பெயிண்ட் அடித்த கிட்டார் பாடி ஒரு மஹோகனிக் கட்டை. கடையில் கிடைத்த சாதா ஸ்ப்ரே டப்பாவில் கருப்பு, நான்கு கோட். மொட்டைமாடி அறையில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று பளபளப்புக்காக மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறின பாலின் ஆடையை விரலால் ஒதுக்கினால் எப்படிச் சுருங்குமோ, அப்படியே கருப்பு முழுவதும் சுருங்கி எழுந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆனது.

இத்தனைக்கும் அந்தக் கருப்பும் நல்ல சரக்கு, லேக்கரும் நல்ல சரக்கு. ஒன்றின் மேல் மற்றொன்றைப் போட்டதுதான் தப்பு. கிட்டார் பெயிண்டிங்கில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை கை சரியில்லாமல் கெடுவதில்லை, அடுக்கு சரியில்லாமல்தான் கெடுகின்றன. அதனால் நான் இப்போது சரக்கு வாங்கப் போகும்போது மேலிருந்து கீழே யோசிக்கிறேன். கடைசியாக மேலே வரப்போகும் கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புக் கோட், எது? அதிலுள்ள தின்னரைத் தாங்கும் கலர் எது? அந்தக் கலரைத் தாங்கும் சீலர், அதாவது மரத்தை அடைக்கும் அடிக்கோட், எது? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் காசை எடுக்கிறேன். அடிப்பது மட்டும் வழக்கம்போல் கீழிருந்து மேலே.

காயும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டப்பா மேல் எழுதியிருக்கும் பெயரைவிட, உள்ளே இருப்பது எப்படிக் காய்கிறது என்பதுதான் முக்கியம்.

ஷெல்லாக், என்.சி. லேக்கர், அக்ரிலிக் லேக்கர் மூன்றும் தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கின்றன. வெல்லப்பாகு இறுகிக் கட்டியானாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும் அல்லவா, அதே கதை. நேற்று அடித்த லேக்கர் மேல் இன்று லேக்கர் அடித்தால் கீழ்க்கோட் கொஞ்சம் இளகி, இரண்டும் ஒரே படலமாகச் சேர்ந்துகொள்ளும். பத்து வருடம் கழித்து ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் ஒட்டுப்போட முடிவது இதனால்தான்.

பி.யு. (பாலியூரித்தேன்), பாலியஸ்டர், எப்பாக்ஸி, தச்சர்கள் போடும் மெலமைன் எல்லாம் வேறு வகை. இவை பெரும்பாலும் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பவை. ரசாயன வினையில் இறுகுகின்றன. முட்டை வெந்தபிறகு திரும்பப் பச்சை முட்டை ஆகாது. அதுபோல் இவை ஒருமுறை இறுகினால் எந்தத் தின்னருக்கும் அசையாது. ஆகவே மேலே வரும் கோட் உருகிச் சேராது, பிடித்துக்கொள்ளக் கீறல் வேண்டும். 320 அல்லது 400 நம்பர் தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்தால்தான் அடுத்தது நிற்கும்.

சிந்தெடிக் எனாமல், லின்சீட் எண்ணெய், டேனிஷ் ஆயில் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காய்பவை. இவற்றில்தான் ஏமாறுவோம். மேல்தோல் இரண்டு நாளில் காய்ந்துவிடும், உள்ளே வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அந்த நேரத்தில் லேக்கர் தின்னர் பட்டால் தோல் வழியாக இறங்கி உள்ளே ஊறவைத்து, தோலைச் சுருட்டிவிடும். என் கருப்பு பாடிக்கு நடந்தது இதுதான். அந்த டப்பாவில் இருந்தது எனாமல்.

கடைசியாக, தண்ணீரில் கரைத்த அக்ரிலிக், பி.யு. வகைகள். வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு வாசனை குறைவு என்பதால் நல்லது. லேக்கர் மேல், மெழுகு நீக்கிய ஷெல்லாக் மேல் இவை ஒழுங்காக நிற்கும். இவற்றின் மேல் லேக்கர் அடிப்பதுதான் ஆபத்து.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது. கீழே இருப்பதை மேலே வருவதன் தின்னர் கரைக்கக் கூடாது, அல்லது கரைத்தால் முழுசாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். பாதி கரைந்து பாதி வீங்கும் இடைநிலைதான் வேலையைக் கெடுக்கும்.

படி 1: ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பிக்கார்டை (பாடி மேல் கீறல் விழாமல் காக்கும் தகடு) கழற்றி அடியில் பாருங்கள், அல்லது நெக் பாக்கெட் (நெக் பொருந்தும் குழி) ஓரத்தில். காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். முதலில் ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் தேய்க்கவும். பஞ்சில் நிறம் வந்து, இடம் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக். அசையவில்லையா, இன்னொரு குச்சியை என்.சி. தின்னரில் நனைத்துப் பாருங்கள். இளகிக் கரைந்து வந்தால் என்.சி. அல்லது அக்ரிலிக் லேக்கர். சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பி.யு. அல்லது பாலியஸ்டர். இன்று கடைகளில் விற்கும் குறைந்த விலை, நடுத்தர விலை எலெக்ட்ரிக் கிட்டார்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

கண்ணுக்கும் தெரியும். பழைய என்.சி. மஞ்சள் பாய்ந்து, தலைமுடி போன்ற விரிசல் விட்டிருக்கும். பாலியஸ்டர் அடிபட்ட இடத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி கனமாகப் பெயரும்.

படி 2: சுரண்டலாமா, விடலாமா?

நான் சொல்வது: பாலியஸ்டர் கெட்டியாக ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அதைவிட நல்ல சீலரை நீங்கள் வீட்டில் போட முடியாது. மரத்தின் துவாரங்கள் அடைபட்டு, மட்டமாகி, எந்தத் தின்னரையும் தாங்கும் தளம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. டர்பன்டைன் துணியால் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, பெயர்ந்த இடங்களைப் பாலியஸ்டர் பட்டி வைத்து நிரப்பி, 320-இல் தொடங்கி 400-இல் முடித்து, மேலே நேராகக் கலருக்குப் போகலாம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் சுரண்டும் கஷ்டம் தேவை.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஹீட் கன். ஒரு மூலையைச் சூடாக்கி, கொப்புளம் மாதிரி எழும்பும்போது பட்டித் தகட்டை அடியில் செலுத்தினால் பட்டை பட்டையாக வரும். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். புகையை மூச்சில் இழுக்க வேண்டாம், வெளியில் வைத்துச் செய்யுங்கள். என்.சி. ஃபினிஷ் மேல் மட்டும் ஹீட் கன் கூடவே கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் பற்றிக்கொண்டு எரியும் பொருள். அதற்குத் தின்னரும் பொறுமையும் போதும். கடையில் கிடைக்கும் ரசாயன ரிமூவர்கள் பாலியஸ்டரிடம் பெரிதாக எடுபடுவதில்லை. மெத்திலின் குளோரைடு கலந்த பலமானவற்றின் ஆவி மூடிய அறையில் ஆளையே கொல்லும். அமெரிக்காவில் பெயிண்ட் ரிமூவராக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-லேயே தடைசெய்துவிட்டார்கள்.

படி 3: மரம் என்ன சொல்கிறது

ஆல்டர், பாஸ்வுட், மேப்பிள் எல்லாம் துவாரம் நுண்ணியவை. சீலர் மட்டுமே போதும். மஹோகனியும் ஆஷும் துவாரம் பெரியவை. துவாரத்தை நிரப்பும் கிரெயின் ஃபில்லர் போடாமல் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் ஊசிக்குத்துப் போல் பள்ளம் தெரியும். இரண்டு மாதம் கழித்து லேக்கர் அமிழும்போது இன்னும் தெரியும்.

ஃபில்லரிலும் அடுக்குப் பிரச்சினை உண்டு. எண்ணெய் கலந்த ஃபில்லர் என்றால் மூன்று நாளாவது, மழைக்காலத்தில் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். அவசரப்பட்டு மேலே லேக்கர் அடித்தால் துவாரங்கள் சாம்பல் பூத்துவிடும். தண்ணீர் கலந்த ஃபில்லர் ஒரு நாளில் காயும், கொஞ்சம் அமிழும், இரண்டு முறை போட வேண்டும். எப்பாக்ஸிதான் அமிழாதது, எந்த மேல்கோட்டையும் தாங்குவது. ஆனால் தேய்ப்பதற்குள் கை ஒடிந்துவிடும்.

தேக்கு, ஈட்டி போன்றவற்றில் செய்த பாடி என்றால் தனிக் கவனம் வேண்டும். இவற்றின் எண்ணெய் பி.யு.வையும் பாலியஸ்டரையும் ஒழுங்காக இறுகவிடாது. ஈட்டி மேல் நேராகப் பாலியஸ்டர் அடித்தால் நாட்கணக்கில் பிசுபிசுவென்றே நிற்கும். அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே கசிந்து வருவதற்குள், அதாவது துடைத்துக் காய்ந்த கையோடு, ஒரு தடுப்புக் கோட் போட்டுவிட வேண்டும். எப்பாக்ஸி அல்லது மெழுகு நீக்கிய ஷெல்லாக்.

பழைய கிட்டாரில் இன்னொரு எதிரி சிலிக்கான். யாராவது வருடக்கணக்கில் கார் பாலிஷோ ஃபர்னிச்சர் ஸ்ப்ரேயோ போட்டுத் துடைத்திருப்பார்கள். அதன் மேல் எதை அடித்தாலும் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி ஓடும். தேய்த்தால் போகாது, தாளோடு பரவும். அதனால் தேய்ப்பதற்கு முன்பே டர்பன்டைனால் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடையுங்கள். அதையும் மீறி வந்தால் ஷெல்லாக்தான் காப்பாற்றும்.

படி 4: சீலர்

ஷெல்லாக்கை இத்தனை முறை சொல்லிவிட்டேன், அதையே முதலில் பார்ப்போம். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அது. உலகத்துக்கே அனுப்பும் அளவு நம் நாட்டில் விளைகிறது, ஜார்க்கண்டில் அதிகம். இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஆனால் கிட்டார் வேலைக்கு வரும்போது கடையில் கிடைக்கும் சாதா ஷெல்லாக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் இயற்கையான மெழுகு இருக்கிறது. என்.சி. அதைப் பொறுத்துக்கொள்ளும், பி.யு.வும் தண்ணீர் வகைகளும் அதன் மேல் உரிந்து வரும்.

மெழுகு நீக்கிய செதில்கள் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே நீக்கலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் என்ற கணக்கில் கண்ணாடி ஜாடியில் கரைத்து, அசைக்காமல் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். கஞ்சி தெளிவதுபோல் மெழுகு அடியில் தங்கி, மேலே தெளிந்த தேன் நிறத் திரவம் நிற்கும். அதை மட்டும் மெல்ல இறுத்துக்கொள்ளுங்கள். கரைத்தது ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் கொட்டிவிடுங்கள், சரியாக இறுகாது. ஒரு சொட்டைக் கண்ணாடி மேல் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெழுகு நீக்கிய ஷெல்லாக் நல்ல சமாதானத் தூதுவர். நன்றாகக் காய்ந்த எனாமல், எண்ணெய் பூசிய மரம், சிலிக்கான் பட்ட இடம், பழைய சிவப்புச் சாயம் மேலே கசியும் பாடி, எல்லாவற்றுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நின்று சண்டையை விலக்கும். அதற்கும் எல்லை உண்டு. என்.சி. தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கும், ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். எனவே மேலே அடிக்கும் முதல் இரண்டு கோட்டும் புகை மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். ஈரமாகக் கொட்டினால் தூதுவரே கரைந்துவிடுவார்.

அடுத்து, தச்சர் கடையில் எப்போதும் இருக்கும் என்.சி. சாண்டிங் சீலர். சீக்கிரம் காயும், உப்புத்தாளில் பவுடர் மாதிரி உதிரும். அந்த உதிரலுக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஜிங்க் ஸ்டியரேட், ஒருவகைச் சோப்பு. அதனால்தான் அது மிருதுவானது. தடிமனாக ஏற்றினால் மேலே உள்ள லேக்கருக்கு மெத்தை போட்டதுபோல் ஆகி, அடிபட்டால் பள்ளம் விழும். இரண்டு கோட் போட்டு, பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இதன் மேல் டூ-கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும், பி.யு. அடிக்கவே கூடாது. ஒரு வருடத்தில் பாலித்தீன் பை மாதிரி உரிந்து வந்த பாடியைப் பார்த்திருக்கிறேன்.

வினைல் சீலர் கிடைத்தால் என்.சி.க்கு அது இன்னும் நல்லது. ஈரத்தை நன்றாகத் தடுக்கும், இழுத்துப் பிடிக்கும். பி.யு.வுக்கு அடியில் இதுவும் வேண்டாம்.

பி.யு. போடுவதானால் அதே கம்பெனியின் பி.யு. சீலர், அதே ஹார்டனர், அதே தின்னர். மெலமைனுக்கும் அப்படியே, அதனுடைய சீலரோடுதான் போட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் வேலைக்கு ஆகாது. டின்னோடு வரும் கலவை அளவு, எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த கோட் என்ற குறிப்பு, இரண்டையும் அப்படியே பின்பற்றுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

படி 5: கலர்

ஃபெண்டர் என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியின் பழைய கதை இங்கே உதவும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவர்கள் கிட்டாருக்கென்று கலர் கண்டுபிடிக்கவில்லை. டெட்ராய்ட் கார்களுக்கு டூபாண்ட் கம்பெனி செய்த பெயிண்டையே வாங்கி அடித்தார்கள். அதில் இரண்டு வகை. ஃபியெஸ்டா ரெட் போன்றவை டூக்கோ, அதாவது நைட்ரோ (நம் என்.சி.) லேக்கர். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் முதலில் வந்ததும் அதே டூக்கோதான். லேக் பிளாசிட் புளூ போன்ற மெட்டாலிக் நிறங்கள் லூசைட், அதாவது அக்ரிலிக் லேக்கர். இந்த அக்ரிலிக் நீலத்தின் மேல் நைட்ரோ கிளியர் அடித்துத்தான் பலவற்றை அனுப்பினார்கள். அறுபது வருடம் கழித்தும் அது உரியவில்லை. கிளியர் மஞ்சளாகி நீலம் பச்சையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆக, அக்ரிலிக் லேக்கரும் நைட்ரோவும் ஒத்துப்போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைப் பலகை வேண்டாம்.

அடியில் என்ன இருந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1963 வாக்கிலிருந்து ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற சீலரை ஃபெண்டர் பயன்படுத்தியது. ரசாயன வினையில் இறுகும் வகை, லேக்கர் தின்னருக்கு அசையாதது. அதாவது ‘சுத்த நைட்ரோ, மரம் மூச்சு விடும்’ என்று இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் கிட்டார்களின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கிறது. ஒலிக்காக நைட்ரோ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். தொடும் சுகத்துக்காகவும் ஒட்டுப்போட எளிது என்பதற்காகவும் நைட்ரோ அடிக்கிறேன் என்றால், அது நியாயம்.

அந்த டூக்கோ என்ற பெயர் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது. மரவேலைக் கடையில் ‘டூக்கோ ஃபினிஷ்’ என்றால் ஓர் இடத்தில் என்.சி. அடிப்பார்கள், இன்னோர் இடத்தில் பி.யு. அடிப்பார்கள். பெயரை நம்பாமல், ‘ஹார்டனர் கலப்பீர்களா, எந்தத் தின்னர்?’ என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஸ்ப்ரே டப்பாவுக்கும் அதே சந்தேகம் வேண்டும். டப்பாவில் எதுவும் தெளிவாக இல்லையென்றால் ஒரு வீணான டைல்ஸ் துண்டின் மேல் அடித்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு என்.சி. தின்னர் நனைத்த பஞ்சு. மொத்தமாகத் துடைபட்டு வந்தால் லேக்கர், என்.சி. கிளியர் போடலாம். சுருங்கினால் எனாமல், அதன் மேல் லேக்கர் வேண்டாம். இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் என் மஹோகனி பிழைத்திருக்கும்.

கார் கலர் வேண்டும் என்றால் கடையில் கம்ப்யூட்டரில் நிறம் கலந்து கொடுக்கும் பேஸ்கோட் வாங்கலாம். காய்ந்ததும் சாக்பீஸ் மாதிரி மங்கலாக இருக்கும், அதற்குக் கிளியர் கட்டாயம். அது டூ-கே கிளியருக்காகவே செய்யப்பட்டது. அதன் மேல் என்.சி. கிளியர் போடுபவர்களும் உண்டு. நானும் போட்டிருக்கிறேன், மெல்லிய கோட்களாக. முதலில் துண்டுக் கட்டையில் பார்த்துவிட்டுத்தான்.

சாயம் போட்டு ரேகை காட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தின் மேல் ஷெல்லாக்கைத் துணியால் தேய்த்தால் சாயம் இழுத்துக்கொண்டு வரும். ஸ்ப்ரேயாக அடியுங்கள், அல்லது தண்ணீரில் கரையும் சாயம் எடுங்கள்.

தின்னர் பற்றிக் கொஞ்சம்

‘எல்லாத் தின்னரும் ஒன்றுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பி.யு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது பெயிண்டோடு வினைபுரிய வேண்டும். என்.சி. தின்னரில் உள்ள ஆல்கஹாலோடும் அது வினைபுரியும். என்.சி. தின்னரை பி.யு.வில் ஊற்றினால் ஹார்டனரில் ஒரு பங்கை ஆல்கஹால் தின்றுவிடும். படலம் ஒரு மாதம் ஆனாலும் நகம் பதியும். தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதாவது படலத்துக்குள் குமிழி. கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் தங்கியிருந்தால் ஊசித்துளைகள் வருவது இதனால்தான்.

பாட்டிலில் அளந்து ஊற்றும் மலிவுத் தின்னரை ஸ்ப்ரே கன் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பாடிக்கு மூடி சீல் வைத்த டின்தான்.

படி 6: கிளியரும் வானிலையும்

என்.சி. கிளியரில் ஒரு நாளைக்கு மூன்று கோட், இடையில் ஒன்றிரண்டு மணி நேரம். மொத்தம் ஆறிலிருந்து எட்டு கோட். மூன்று நாளில் முடிந்துவிடும், அப்புறம் காத்திருப்புதான் பெரிது. மூன்று நான்கு வாரம். பிக்கப் குழிக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாசனை வந்தால் இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து லேக்கர் பால் மாதிரி வெளுத்துவிடும். கருப்பு பாடியில் இது நடந்தால் வயிறு கலங்கும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது அடுத்த நாள் தானே தெளியும், அல்லது ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மெல்லியதாக ஒரு புகை அடித்தால் தெளியும். வருமுன் காப்பதானால், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் சேருங்கள். சென்னையில் நான் ஐப்பசி, கார்த்திகையில் கன்னைக் கையில் எடுப்பதில்லை. அந்த மாதங்கள் தேய்ப்பதற்கும் பட்டி பார்ப்பதற்கும்.

சமமாக்கும்போது 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஏறுங்கள். ஸ்க்ரூ துளைகள் பக்கத்தில் மட்டும் தண்ணீர் வேண்டாம். துளைக்குள் இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். அங்கே தண்ணீருக்குப் பதில் டர்பன்டைன். காய்ந்த என்.சி.யை அது ஒன்றும் செய்யாது.

டூ-கே கிளியரை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள், டப்பாவில் அடைத்து வருவதையும்தான். ஐசோசயனேட் ஆவி ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. அதற்கு வெளிக்காற்று தனிக் குழாயில் வரும் முகமூடி வேண்டும், துணி மாஸ்க்கெல்லாம் பொம்மை. என்.சி.க்கு கரி ஃபில்டர் உள்ள மாஸ்க் போதும், ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்து அறையில் சாமி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டேனிஷ் ஆயில், லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும்.

கார் பட்டறையில் கொடுப்பதானால்

டூ-கே வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை: தேய்ப்பு வரை நீங்கள், ஸ்ப்ரே அவர்கள். கார் பெயிண்டர்களுக்கு மட்டமும் பளபளப்பும் கைவந்த கலை, கிட்டார்தான் புதுசு. ஆகவே நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள். நெக் பாக்கெட்டுக்குள் பெயிண்ட் போகக் கூடாது, டேப் ஒட்டியே கொடுத்துவிடுங்கள். அரை மில்லிமீட்டர் ஏறினாலும் நெக் உள்ளே போகாது, பலவந்தமாக அழுத்தினால் ஓரம் பெயரும். நெக் பாக்கெட்டில் நீளமான கட்டையை ஸ்க்ரூ போட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளவும் தொங்கவிடவும் வசதி. வெறும் மரத்தின் மேல் பிரைமர் வேண்டாம், முதலில் பி.யு. சீலர். தகரத்துக்குப் போடும் பிரைமர் மரத்தின் துவாரத்தில் அமிழ்ந்து, இரண்டு மாதத்தில் ரேகை மேலே தெரியும். நான்காவது, பெயிண்டைச் சூட்டில் காயவைக்கும் ஹீட் பூத்தில் காரோடு சேர்த்து வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி கிளப்பும், ஒட்டுப் போட்ட பாடியில் ஒட்டு விடவும் செய்யும்.

எதைச் செய்தாலும் துண்டுக் கட்டை

பாடியோடு அதே மரத்தில் ஒரு சாண் நீளக் கட்டையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பாடிக்குச் செய்வதை அதற்கு ஒரு நாள் முன்னதாகச் செய்யுங்கள். அதே தாள், அதே சீலர், அதே காத்திருப்பு. கடைசியில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் எந்த அடுக்கில் விட்டது என்று பாருங்கள். மரம் தெரிந்தால் சீலர் பிடிக்கவில்லை, சீலர் தெரிந்தால் அதற்கு மேல் உள்ளது பிடிக்கவில்லை. என்னிடம் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கட்டைகள் இருக்கின்றன, பின்னால் தேதியும் அடுக்கும் மார்க்கரில் எழுதி. வீட்டில் இதையெல்லாம் அடுப்புக்குப் போடச் சொல்கிறார்கள்.

எல்லாம் முடிந்து கம்பி மாட்டி, ஸ்டாண்டில் வைக்கும்போது இன்னொரு சரக்கு மிச்சம் இருக்கிறது: ஸ்டாண்டின் ரப்பர். அந்த ரப்பரிலும் ஃபோமிலும் மிருதுத்தன்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்ல நைட்ரோவுக்குள் இறங்கும். சில வாரத்தில் ரப்பர் பட்ட இடம் பிசுபிசுத்து, கிட்டாரைத் தூக்கினால் பெயிண்ட் ஸ்டாண்டோடு நிற்கும். பி.யு.வுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. என் ஸ்டாண்டின் கைகளில் பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறேன்.